பேக் கவரில் 1975, டயலில் 1970: கீழக்கரை சீக்கோவை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் மண்டபத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் பத்துப் பன்னிரண்டு சேர்த்து வைத்திருக்கிறேன். குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரம்) மட்டும் இதுவரை வாங்கியதில்லை. கீழக்கரையில் எனக்குத் தெரிந்த காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர், காலமாகிவிட்ட தன் வாப்பாவின் சீக்கோ குரோனோகிராஃபை விற்கப்போகிறார். மஞ்சள் டயல். 1975 கடைசியில் சிங்கப்பூரில் வாங்கி, சிதம்பரம் கப்பலில் கொண்டுவந்ததாம். ஒரு தடவைகூடத் திறந்ததில்லை, எல்லாமே கம்பெனி ஒரிஜினல் என்கிறார். 32,000 ரூபாய் கேட்கிறார். பின்பக்கம் 6139-6002 என்று இருக்கிறது. கூடவே 52 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்ணும் இருக்கிறது. டயலில் 'வாட்டர் 70 எம் ப்ரூஃப்' என்று எழுதியிருக்கிறது. ஆறு படங்கள் அனுப்பியிருக்கிறேன். அசல்தானா? வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

வாங்கலாம். ஆனால் இந்த விலைக்கு வேண்டாம். பேக் கவரைத் திறந்து பார்க்காமலும் வேண்டாம். நீங்கள் அனுப்பிய ஆறு படங்களில் ஐந்து நன்றாகவே இருக்கின்றன. டயல் படம் மட்டும் இடிக்கிறது. எங்கே இடிக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், நீங்கள் கையில் எடுக்கப்போவது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன்.

தானாகச் சாவி ஏறும் குரோனோகிராஃப்கள் உலகத்தில் முதன்முதலாக வந்தது 1969ஆம் ஆண்டில். அந்த வருஷம் வந்த மூன்றில் ஒன்று சீக்கோவின் இந்த 6139 மெஷின். 1973 நவம்பரில் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் போன வில்லியம் போக் என்ற அமெரிக்கர், மஞ்சள் டயல் 6139 ஒன்றைத் தன் சொந்தக் கடிகாரமாக எடுத்துப்போய், அங்கிருந்த 84 நாளும் வைத்திருந்தார். அவர் பெயரே இந்த மாடலுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. அந்தப் பெயர் பரவிய பிறகு மஞ்சள் டயலுக்குக் கிராக்கி வந்தது. கிராக்கி வந்ததும் புது டயல், புது முள், சுற்று வளையம், உள் வளையம் எல்லாம் வெளியே செய்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். மெஷினை மட்டும் அப்படிச் செய்து யாரும் விற்பதில்லை. அதனால் இந்த மாடலில் முழுப் போலி அரிது. பாதிப் போலிதான் அதிகம். 'அசலா, டூப்ளிகேட்டா' என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கேஸ் (வெளிக்கூடு), டயல், முள், மெஷின் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து, இவை கூடப் பிறந்தவைதானா என்று கேட்க வேண்டும்.

பேக் கவரிலிருந்து தொடங்குவோம். சீக்கோவில் முதல் நான்கு இலக்கம் மெஷினின் எண், அடுத்த நான்கு கேஸின் எண். ஆறு இலக்கத் தொடர் எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம்; இரண்டாவது, மாதம். உங்களுடையது 52. அதாவது ஐந்தில் முடிகிற ஏதோ ஓர் ஆண்டின் பிப்ரவரி. 1965இல் இந்த மெஷினே கிடையாது. 1985இல் இதன் தயாரிப்பு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. மிச்சம் இருப்பது 1975 பிப்ரவரி. ஜப்பானில் பிப்ரவரியில் செய்தது, சிங்கப்பூர்க் கடைக்கு வந்து, வருஷக் கடைசியில் கீழக்கரைக்காரர் ஒருவர் கையில் ஏறுவது பொருத்தமான கணக்கு. வாப்பாவைப் பற்றி காக்கா சொல்வதை நான் நம்புகிறேன். அந்தக் குடும்பம் பொய் சொல்லவில்லை.

இப்போது டயலுக்கு வாருங்கள். சீக்கோ ஆரம்பத்தில் 'ப்ரூஃப்' என்று அச்சடித்தது. தண்ணீர் புகவே புகாது என்று சத்தியம் செய்கிற அந்தச் சொல்லை விட்டுவிட்டு, 1970 வாக்கில் 'ரெசிஸ்ட்' என்று மாற்றிக்கொண்டது. அதற்கும் பின்னால் வந்த டயல்கள் பலவற்றில் அந்த வரியே இல்லை. 1975 பிப்ரவரியில் செய்த கேஸுக்குள் ப்ரூஃப் டயலைக் கம்பெனி வைத்திருக்க வழியே இல்லை. யாரோ, எப்போதோ, எங்கோ டயலை மாற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த வாப்பாவே ஏதாவது ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பார்; வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்காது. 'ஒரு தடவைகூடத் திறந்ததில்லை' என்ற பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது.

மாற்றிய டயல் இரண்டு விதமாக இருக்கலாம். 1969, 70 வாக்கில் செய்த வேறொரு சீக்கோவிலிருந்து கழற்றிய அசல் டயலாக இருக்கலாம். இல்லாவிட்டால் சமீபத்தில் அச்சடித்த புது டயல். இரண்டுக்கும் மதிப்பு ரொம்பவே வேறு. எது என்று நீங்களே பார்த்துவிடலாம். பத்து மடங்கு பெரிதாக்குகிற கண்ணாடி ஒன்று வேண்டும். நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்க வைத்திருப்பது போதும். மொபைல் கேமராவை நம்பாதீர்கள், அது தானாகவே எழுத்தைத் திருத்திக் கூர்மையாக்கிக் காட்டிவிடும்.

வெயில் படும் இடத்தில் வைத்துக் கடிகாரத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அசல் மஞ்சள் டயலில் நிறத்துக்கு அடியில் உலோகத்தில் மெல்லிய கோடுகள் நடுவிலிருந்து விரிந்திருக்கும். சாய்க்கச் சாய்க்க வெளிச்சம் விசிறி மாதிரி சுற்றி வரும். புதுப் பூச்சில் அது வராது. அரைத்த மஞ்சளைக் குழைத்துப் பூசியது போல ஒரே சீராக, தட்டையாக இருக்கும். அடுத்து எழுத்தின் விளிம்பு. அசல் அச்சில் மை ஒரே கனத்தில் நிற்கும், ஓரம் வெட்டினாற்போல இருக்கும். மறு அச்சில் ஓரம் கசிந்திருக்கும். சின்ன எழுத்துகளின் வயிற்றில் மை அடைத்திருக்கும். கிழமையும் தேதியும் தெரிகிற ஜன்னலின் ஓரத்தையும் பாருங்கள். அங்கே பெயிண்ட் திரண்டு நின்றால் அது கம்பெனி வேலை இல்லை.

டயலின் அடி விளிம்பில், 6 மணிக்குக் கீழே, எறும்புத் தலை அளவு எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதுவும் 6139 என்றுதான் தொடங்க வேண்டும். அதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம் பேக் கவரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. டயலுக்கு ஓர் எண், கேஸுக்கு ஓர் எண் என்று வேறாகவே வரும். இதைத் தெரியாமல் நல்ல கடிகாரத்தை வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு. உங்கள் படத்தில் அந்த இடம் மங்கலாக இருக்கிறது.

சுற்று வளையத்தில் இருக்கும் டாக்கிமீட்டர் எண்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரு கிலோமீட்டர் போக எத்தனை விநாடி ஆனது என்று பார்த்தால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று அந்த வளையம் சொல்லும். மதுரை–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் 45 விநாடி ஆனால் வேகம் 80. கணக்கு இவ்வளவுதான்: 3,600ஐ விநாடியால் வகுக்க வேண்டும். ஆகவே 30 விநாடிக்கு நேராக 120, 45க்கு நேராக 80, 60க்கு நேராக 60 நிற்க வேண்டும். வெளியே செய்த வளையங்களில் எண் ஒன்றிரண்டு கோடு தள்ளி உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு அழகாக இருக்கும், கணக்குக்கு வராது.

இருட்டறைக்குள் போய் டார்ச் அடித்துப் பாருங்கள். 1970களில் டயலிலும் முள்ளிலும் வைத்த ஒளிப்பூச்சு இன்றைக்குச் செத்துப்போயிருக்கும். டார்ச்சை அணைத்த பிறகு ஒன்றிரண்டு விநாடி மினுங்கினால் சரி. ஐந்து நிமிஷம் பச்சையாக ஒளிர்ந்தால் அது புதுப் பூச்சு. டயலில் இருக்கும் பூச்சு பழுப்பேறி, முள்ளில் இருப்பது மட்டும் வெள்ளையாக இருந்தால், முள் வேறு வீட்டிலிருந்து வந்தது.

டயல் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடிகார ரிப்பேர் கடை வைத்த புதிதில், தொண்டிக்காரர் ஒருவர் தன் மாமனார் கொழும்பிலிருந்து கொண்டுவந்த சுவிஸ் குரோனோகிராஃபைக் கொடுத்தார். டயலில் ஈரம் ஏறி, ஓரமெல்லாம் கரும்புள்ளி. "புதுசு மாதிரி ஆக்கித் தாங்க" என்றார். நானும் சந்தோஷமாக அதை வெளியூருக்கு அனுப்பி மறு பெயிண்ட் அடித்து வாங்கிக் கொடுத்தேன். வந்தபோது பளபளவென்று இருந்தது. அடுத்த ஐப்பசி மழைக்கு அந்தப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. சுரண்டிப் பார்த்தால் அடியில் வெறும் பித்தளை. பழைய எழுத்து, மெல்லிய கோடு, எண் வட்டம் எல்லாவற்றையும் அமிலத்தில் போட்டு எடுத்துவிட்டுத்தான் மேலே பூசியிருந்தார்கள். அந்தக் கரும்புள்ளி டயலை அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கும் அது அசல் டயல். என் கையால் அழிந்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அசல் டயலுக்குப் பெயிண்ட் அடிக்க நான் சம்மதித்ததில்லை.

நம் கரையில் கடிகாரம் வாங்குகிறவர்கள் உப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி எங்கே இருந்தாலும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஐம்பது வருஷம் இந்தக் காற்றில் இருந்த ஒரு குரோனோகிராஃபின் பேக் கவரைத் திறந்தால் என்ன இருக்கும் தெரியுமா? உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தார் மாதிரி இளகி, கறுப்பாகக் கவரோடு ஒட்டியிருக்கும். அல்லது காய்ந்து நகம் பட்டாலே பொடியாகும். மரையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கும். பித்தளைப் பாகத்தில் பச்சை பிடித்திருக்கும். குரோனோகிராஃபில் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டிய இடம் அந்த இரண்டு பட்டன்கள். கேஸில் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஈரம் அந்த வழியாகத்தான் முதலில் உள்ளே போகும். சாவித்தண்டு, பட்டனுக்கு நேர் உள்ளே இருக்கும் எஃகு நெம்புகோல்கள், மெல்லிய ஸ்பிரிங்குகள் என்று இரும்பு எங்கே இருக்கிறதோ அங்கே துரு பிடிக்கும். மேலோட்டமான துருவைச் சுத்தம் செய்துவிடலாம். குழி விழுந்த துரு என்றால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். 6139க்குப் புதுப் பாகம் கம்பெனியிலிருந்து வருவதில்லை. இன்னொரு 6139ஐப் பலி கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். வாங்கும் விலையோடு இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உண்மையிலேயே ஐம்பது வருஷம் திறக்காத கடிகாரம் என்றால், உள்ளே எண்ணெய் வறண்டு பிசினாகியிருக்கும். அந்த நிலையில் அதை ஓட்டினால் சக்கரத்தின் அச்சுகள் தேய்ந்துகொண்டே இருக்கும். திறக்காததைப் பெருமையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், நல்ல கை நாலு தடவை திறந்து சர்வீஸ் செய்த கடிகாரத்தைத்தான் வாங்கச் சொல்வேன். பேக் கவரின் உட்பக்கத்தைப் பாருங்கள். பழைய ரிப்பேர்காரர்கள் ஊசி முனையால் அங்கே தேதியோ தங்கள் குறியோ கீறி வைப்பார்கள். அதில் ஒரு கீறல் கிடைத்தாலும் டயல் எந்தக் காலத்தில் மாறியது என்று ஊகிக்கலாம். மெஷினில் 6139 என்ற எண்ணும், அதன் பின்னால் ஏ அல்லது பி என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திருகுகளின் பள்ளம் சிதைந்திருந்தால் கைப்பழக்கம் இல்லாதவர் யாரோ உள்ளே போயிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, கையில் வாங்கியதும் எப்படிச் சோதிப்பது? எச்.எம்.டி. பழக்கத்தில் சாவி கொடுக்கப் போகாதீர்கள். இந்த மெஷினுக்குக் கையால் சாவி கொடுக்க வழி இல்லை. சாவியைச் சாதாரண நிலையில் திருகினால் உள்ளே இருக்கும் மஞ்சள் வளையம்தான் சுற்றும். இருபது முப்பது தடவை பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள், அதுவே ஏறிக்கொள்ளும். சாவியைப் பாதி அழுத்தினால் தேதி மாற வேண்டும், முழுதும் அழுத்தினால் கிழமை மாற வேண்டும். இதை ராத்திரி ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று வரை காட்டும் நேரத்தில் செய்யாதீர்கள். தேதிச் சக்கரத்தின் பல் உடையும்.

இந்த மாடலில் எப்போதும் ஓடுகிற விநாடி முள் தனியாகக் கிடையாது. நடு முள் நிற்பதைப் பார்த்து கடிகாரமே நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேல் பட்டனை அழுத்துங்கள். முள் உதறாமல், துள்ளாமல் வழுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். மறுபடி அழுத்தினால் அதே இடத்தில் நிற்க வேண்டும். நின்ற பிறகு கீழ்ப் பட்டனை அழுத்தினால் நடு முள்ளும் சின்ன வட்டத்தில் இருக்கும் நிமிஷ முள்ளும் ஒரே தாவலில் நேராக மேலே வந்து நிற்க வேண்டும். அரை விநாடி தள்ளி நின்றால், முள்ளை யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். முள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பட்டனைத் தொடவே கூடாது. அப்புறம் முப்பது நிமிஷம் ஓடவிட்டு மொபைலோடு ஒப்பிடுங்கள். சின்ன முள் ஒரு சுற்று முடித்திருக்க வேண்டும். அவசரப்படாமல், காக்கா வீட்டில் ஒரு டீ குடித்துக்கொண்டே இதைச் செய்துவிடலாம்.

நாளைக்கு வேறு யாராவது பழைய சுவிஸ் குரோனோகிராஃபைக் காட்டினால் இதே பாடத்தை அப்படியே போட்டுப் பார்க்காதீர்கள். இலங்கையிலிருந்து வந்த கடிகாரங்களில் லேண்டெரான் 48 என்ற மெஷினை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் மேல் பட்டன் ஓடவைக்க மட்டும். நிறுத்துவதும் திரும்ப மேலே கொண்டுவருவதும் கீழ்ப் பட்டன். மேல் பட்டனை அழுத்தினால் நிற்கவில்லையே, கெட்டுப்போனது என்று பாதி விலைக்கு விற்றுவிட்டு அழுதவர்கள் உண்டு. அந்தக் கடிகாரங்களில் பின்னால் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருந்தால் பின்மூடி மட்டும்தான் எஃகு. சுற்றியுள்ள கேஸ் பித்தளையில் குரோம் பூசியதாக இருக்கும். நம் உப்புக் காற்றுக்கு அது சீக்கிரம் பொத்துப்போகும். உங்கள் சீக்கோவின் கேஸ் முழுக்க எஃகு, அந்தக் கவலை இல்லை.

விலை. 32,000 என்பது எல்லாப் பாகமும் கூடப் பிறந்தவை என்றால் கேட்க வேண்டிய விலை. டயல் புது அச்சு என்று தெரிந்தால், நானாக இருந்தால் பாதிக்கு மேல் போக மாட்டேன். டயல் 1970இன் அசல் ப்ரூஃப் டயலாக இருந்து, மெஷினிலும் துரு இல்லை என்றால், இருபதைத் தாண்டிக் கொஞ்சம் கொடுக்கலாம். அப்போதும் அது சேர்த்துக் கட்டிய கடிகாரம்தான். பின்னால் நீங்கள் விற்க நேர்ந்தால் அதைச் சொல்லியே விற்க வேண்டும்.

காக்காவிடம் போய் 'டூப்ளிகேட்' என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். அது அவருடைய வாப்பாவின் நினைவு, மனசு நோகும். அவர் சொன்ன வருஷம் பேக் கவரோடு அப்படியே ஒத்துப்போகிறது என்று முதலில் சொல்லுங்கள். அது உண்மையும்கூட. அப்புறம் டயல் விஷயத்தைச் சொல்லி, இருவரும் சேர்ந்து ஒரு ரிப்பேர்காரரிடம் போகலாமா என்று கேளுங்கள். அவருக்கு நம்பிக்கையான ஆள் கீழக்கரையிலேயே இருந்தால் அங்கேயே திறக்கட்டும், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் ராமநாதபுரம் அரண்மனை வாசல் பக்கம் என் கடைக்கு இருவருமாக வாருங்கள். பத்து நிமிஷ வேலை, காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை என்றால் அவர் ஜும்ஆ முடிந்த பிறகு வரட்டும். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு அதைக் கட்டிக்கொண்டு படகில் ஏறாதீர்கள். 70 மீட்டர் என்பதெல்லாம் அந்த ரப்பர் புதிதாக இருந்த காலத்துப் பேச்சு. கேஸை பாலிஷ் போடச் சொல்லியும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். கம்பெனி போட்ட விளிம்பும் கோடும் ஒரு தடவை தேய்ந்தால் திரும்ப வராது.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. வாப்பாவின் பெட்டி, அலமாரி எல்லாவற்றையும் ஒரு தடவை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். சிங்கப்பூர்க் கடை ரசீதோ, கியாரண்டிச் சீட்டோ கிடைக்கலாம். அந்தக் காலத்து ரிப்பேர்காரர்கள் கழற்றிய பாகத்தைச் சின்னக் காகிதத்தில் மடித்துக் கஸ்டமரிடமே திருப்பிக் கொடுப்பது வழக்கம். பிறந்தபோது இருந்த டயல் அந்த வீட்டிலேயே ஏதாவது ஒரு டப்பாவுக்குள் கிடக்கலாம். கிடைத்தால் எவ்வளவு கறுத்திருந்தாலும் துடைக்காமல், கை படாமல், அந்தக் காகிதத்தோடேயே கொண்டுவாருங்கள்.